தூக்கம் விசாரிக்க வந்த மிஸ்

மிஸ்ஸிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் "எனக்குத் தெரியா" என்பதுதான். தெரியாது என்பதைப் பதுளை டவுன் முஸ்லிம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லுங்க என்பதையும் "செல்லுங்க" என்பார். தெரியா, செல்லுங்க. இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டின ஆறு வீட்டு வரிசையில், கிட்டத்தட்ட ஒரு வருடம் ஏறி இறங்கினார்.

எங்கள் தோட்டத்துக்குக் கையில் ஃபைலோடு வருகிற எல்லோருக்கும் எல்லாம் தெரியும். கொதித்தாறின தண்ணியைக் குடி. உப்பைக் குறை. வெற்றிலையை விடு. மலை சரியப் போகிறது, எழும்பிப் போ. எங்கே போவது என்று கேட்டால் மட்டும் அது அவர்களுடைய வேலை இல்லை. அப்படி ஆட்களையே பார்த்துப் பழகின எங்களுக்கு, கெம்பஸில் உளவியல் படித்து, மேலே ஆராய்ச்சியும் செய்கிற ஒருவர் ஒன்றும் தெரியாது என்று சொல்வது பெரிய வேடிக்கையாக இருந்தது.

முதல் நாளே லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பரா பார்வதி அக்கா கேட்டது.

"ஏன் மிஸ், மனுசனுக்கு எட்டு மணித்தியாலம் தூக்கம் வேணும்னு ரேடியோவுல சொன்னான். மெய்யா?"

"பொதுவா அப்படிச் செல்றாங்க. உங்களுக்கு எவ்வளவு காணும் எண்டு எனக்குத் தெரியா. அத நீங்கதான் செல்லணும்."

"இம்புட்டுப் படிச்சும் தெரியாதா? அப்ப நான் ரெண்டாம் ஆண்டோட நின்னது நல்லதாப் போச்சு."

லயமே சிரித்தது. அவரும் சிரித்தார், தலையில் போட்டிருந்த துணியின் முனையால் வாயை மூடிக்கொண்டு. நான் சிரிக்கவில்லை. நான் ஏழாம் ஆண்டோடு நின்றவள். படித்தவர்கள் தெரியாது என்று சொன்னால் எனக்கு அன்றைய வேலை ஓடாது. அவர்களுக்கே தெரியாது என்றால் நமக்கு என்ன கதி? என் சுபாவம் அப்படி. போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே ஒரு சாவை நினைத்துவிடுவேன். கொழும்பில் கடையில் வேலை செய்கிற என் மகள் ஒரு நாள் பேசாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. வீட்டுக்காரர் இருமினால் ஆஸ்பத்திரி வார்டே கண் முன்னால் வந்து நிற்கும்.

அவர் வந்தது தூக்கத்தை விசாரிக்க. தோட்டத்து ஆட்கள் எப்படித் தூங்குகிறார்கள், சரியாகத் தூங்காத ஆட்கள் மருந்து மாத்திரை, கிளினிக் எல்லாம் ஒழுங்காகப் பார்க்கிறார்களா, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்து அவர் ஒரு புத்தகம் எழுத வேண்டும். அதற்குப் பட்டம் கொடுப்பார்கள். ஹப்புத்தளையில் ஒரு அறை எடுத்துத் தங்கி, பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் ரோட்டில் நடந்தே வருவார். இதற்கென்று வாங்கின வெள்ளைச் சப்பாத்து மூன்றாம் நாளே செம்மண் நிறமாகிவிட்டது. பெரகல காற்றில் குடை ஒரு தடவை மேல்பக்கமாகப் புரண்டது. புரண்ட குடையை மடக்கத் தெரியாமல் அப்படியே கோழியைப் பிடித்த மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். காலில் ஏறும் அட்டைக்குத் தேய்க்கச் சவர்க்காரத் துண்டு ஒன்று பையில் எப்போதும் இருக்கும்.

கேள்விகள் அச்சடித்த தாளில் இருந்தன. "படுக்கைக்குச் சென்று எவ்வளவு நேரத்தில் உறங்குகிறீர்கள்?" என்று வாசித்தார்.

"படுக்கைக்கு எங்க மிஸ் போறது? அதுதான் அந்தா செவத்துல சுருட்டிக் கெடக்கே" என்றது பார்வதி அக்கா.

"உறங்கும் அறையில் வெளிச்சம், சத்தம் உண்டா?" எங்களுக்கு உள்ளது ஒரு காம்பராவும் முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பும். அதில்தான் அடுப்பு, அதில்தான் டிவி, அதில்தான் ஆட்கள். "இந்தக் கேள்விய ஏன் இப்படிக் கேட்டிருக்காங்க எண்டு எனக்குத் தெரியா" என்று சொல்லி அந்த வரியின் மேல் பேனையால் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் நாங்கள் சொன்னதை எழுதிக்கொள்வார். போகப் போக அந்தத் தாள்களில் அச்சை விடக் கையெழுத்துதான் அதிகம் இருந்தது. எழுதி முடித்து, நமக்கே வாசித்துக் காட்டி, "நான் எழுதினது சரியா?" என்றும் கேட்பார். என் வாழ்க்கையில் நான் சொன்னது சரியா என்று கேட்டவர்கள் உண்டு, அவர்கள் எழுதினது சரியா என்று என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இன்னொரு பழக்கம். நாம் உண்மையாக ஏதாவது பேசத் தொடங்கினால் பேனையை மூடி மடியில் வைத்துவிடுவார். மூடுகிற சத்தம் 'டிக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே ஆட்கள் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு அந்தச் சத்தம் கேட்ட நாளைச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் மலையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு. ஆள் படுத்தால் உள்ளே போய்விடுகிற அகலம். அளந்து பார்க்க வந்தவர்கள் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு நம்பர் எழுதி, எழும்பிப் போகச் சொல்லி ஒரு கடிதமும் கொடுத்துப் போனார்கள். கடிதம் இன்னும் இருக்கிறது, நம்பரும் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம். ஆறு காம்பராக்காரர்களும் கூடிப் பேசி ஒரு முறை வைத்தோம். மழை நாளில் ஒரு வீடு முழித்திருக்க வேண்டும். எந்த வீட்டு முறையோ அந்த வீட்டு வாசலில் கொழுந்துக் கூடை ஒன்று கவிழ்த்துத் தொங்கும். மலையில் சத்தம் கேட்டால் அந்த வீட்டுக்காரர் தகரத்தைத் தட்ட வேண்டும், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். அடுத்த நாள் கூடை அடுத்த வீட்டுக்குப் போகும்.

நல்ல முறைதான். ஆனால் எனக்கு யாரை நம்பியும் கண் மூடாது. கூடை யார் வாசலில் தொங்கினாலும் நான் லாம்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பேன். முக்கியமாகப் பார்வதி அக்கா முறை என்றால். அது நின்றுகொண்டே தூங்குகிற ஆள்.

இதற்கு நடுவில் எனக்குப் பிரஷர். எங்கள் அம்மாவுக்கும் பிரஷர்தான். ஒரு பக்கம் இழுத்து, வாய் கோணி, தண்ணியைக்கூட நாங்கள் கரண்டியால் ஊற்ற, இரண்டு வருடம் அப்படிக் கிடந்து போய்ச் சேர்ந்தார். கிளினிக்கில் எனக்குக் கொடுத்த மாத்திரையில் ஒன்று இரவுக்கு. அதைப் போட்டால் கல்லைப் போட்ட மாதிரி தூங்கிவிடுவேன். தூங்கினால் மலைச் சத்தம் யாருக்குக் கேட்கும்? அதனால் மழை நாளில் போடுவதில்லை. ஐப்பசியில் பிடித்தால் தை வரைக்கும் இங்கே மழை. போடாத மாத்திரை எல்லாம் ஒரு பால்மா டின்னில் சேர்ந்துகொண்டே போனது. மாதா மாதம் கிளினிக் கொப்பியை நீட்டுவேன். "மருந்து ஒழுங்கா போடுறீங்களா?" "போடுறேன் டொக்டர்." அவ்வளவுதான் பேச்சு. பின்னால் வரிசை நிற்கும்.

மிஸ் அப்படிக் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பரா படியில் உட்கார்ந்து பாண் சாப்பிட்டுக்கொண்டே, "மருந்து போட மனம் வராத நாள் எப்படிப்பட்ட நாள் அக்கா? செல்லுங்க" என்றார். நான் அவரைப் பார்த்தேன். பேனையை எடுத்தார், மூடினார். டிக். நான் எழும்பி வீட்டுக்குப் போய் டின்னைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

அதைத் திறந்து பார்த்துவிட்டு, தூங்குகிற பிள்ளையைப் போர்த்துகிற மாதிரி மெதுவாக மூடினார்.

"டொக்டர்கிட்ட சொல்லிருவீங்களா மிஸ்?"

"நீங்க செல்லாம நான் செல்ல மாட்டேன்."

"இப்பிடியே போனா எனக்கும் எங்கம்மா மாதிரி இழுத்துருமா?"

வேறு யாராக இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்பார்கள், இல்லாவிட்டால் நிச்சயம் இழுக்கும் என்று வெருட்டுவார்கள். அவர் டின்னை மடியில் வைத்தார்.

"தெரியா அக்கா. இழுக்கலாம். இழுக்காமலும் இருக்கலாம். எனக்குப் பயமா இருக்கு."

எனக்குப் பெரிய கோபம் வந்தது. பயம் எனக்கே போதுமான அளவு இருக்கிறது, அதற்குப் பட்டம் படித்தவர் வேண்டுமா? ஆனாலும் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டும்போது, இத்தனை வருடமாக நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டிருந்த சாமானின் மறு முனையை யாரோ பிடித்த மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் ஒரு கைப்பட்டியைக் கொண்டுவந்தார். பார்வைக்கு மணிக்கூடு, ஆனால் நேரம் காட்டாது. ஏழு நாள் கையிலேயே கட்டியிருக்க வேண்டும். கை அசைவதை வைத்து எப்போது தூங்கினோம், எப்போது முழித்தோம் என்று அது எழுதிக்கொள்ளுமாம். இரண்டு நாள் கட்டினேன். மூன்றாம் நாள் வானம் கறுத்தது. அன்றைக்குத்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எனக்கு உடம்பு முடியாவிட்டால் என் பெயருக்கு வேறு ஒருத்தி மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பாள். முன்பு என் மகள் போவாள். கங்காணியும் முகத்தைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்ப்பார். பெயருக்கு வேலை ஆனால் சரி. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். மிஸ் பாவம், தூக்கத்தைச் சேர்த்துக்கொண்டு போக இவ்வளவு தூரம் நடந்து வருகிறார். என்னிடம் தூக்கம் இல்லை. வெறும் பட்டியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? விடியக் காலை பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு மலையிலிருந்து இறங்குகிற மாதிரி வெட்கமாக இருந்தது. பார்வதி அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, நீ நல்லாத் தூங்குவ. இத ரெண்டு மூணு நாளைக்கு என் பேருக்குக் கட்டிக்கிறியா?"

"தூங்குறதுக்குமா பதில் ஆளு? குடு குடு. நான் தூங்கித் தர்றேன்."

பட்டி திரும்பி என் கைக்கு வந்த பிறகு, ஏழாம் நாள் மிஸ் வந்து அதைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினார். திரையில் கறுப்புக் கோடுகள் மலை மலையாக ஏறி இறங்கின. இடையில் வெள்ளை. வெள்ளைதான் தூக்கம் என்றார். பிறகு திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அக்கா, வியாழக்கிழமை நல்ல மழை. எனக்கே ஹப்புத்தளைல தகரச் சத்தத்துல நித்திரை இல்ல. நீங்க எட்டரைல இருந்து விடிய நாலு மட்டும் அசையவே இல்ல."

"மாத்திரை போட்டேன் மிஸ்" என்று என் வாய் சொல்லிவிட்டது. கிளினிக்கில் சொல்லிச் சொல்லிப் பழகின வாய்.

அவர் முகம் மலர்ந்தது. அவ்வளவு சந்தோசத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. டொக்டரிடம் பொய் சொன்னால் அவர் அடுத்த கொப்பியை எடுப்பார். இவர் சந்தோசப்படுகிறாரே! எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஏசுவார் என்று குனிந்து நின்றேன். "அப்ப இந்த நித்திரை யாருட?" என்று மட்டும் கேட்டார்.

"பார்வதி அக்காவோடது மிஸ்."

சொல்லி வாயை மூடவில்லை, எனக்குக் கூடை ஞாபகம் வந்துவிட்டது. வியாழக்கிழமை கூடை தொங்கினது பார்வதி அக்கா வாசலில்.

எப்படி நடந்தேன் என்று தெரியாது. மிஸ் பின்னாலேயே ஓடி வந்தார். பார்வதி அக்கா இஸ்தோப்பில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை முறை உன்னோடது. நீ தூங்கியிருக்க. மிஸ்ஸோட பெட்டியில எல்லாம் கெடக்கு!"

"தூங்குனேன். தூங்கத்தானடி கட்டி விட்ட?"

"அதுக்கு முறைய விட்டுருவியா? மலை வந்திருந்தா?"

"நீதான் முழிச்சிருப்பியே."

பார்வதி அக்கா கத்தியைக் கீழே வைத்தது.

"அடியே, கூடை எங்க தொங்குனா என்ன? உன் வீட்டுக் கதவுச் சந்துல லாம்பு வெளிச்சம் தெரியும். அதப் பாத்துட்டுத்தான் இந்த லயத்துல எல்லாரும் கண்ண மூடுறோம். நான் மட்டுமா? கேட்டுப் பாரு. கூடை சும்மா பேருக்கு."

நான் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எதையும் எழுதவில்லை. பேனை பையில் இருந்தது.

அன்றைக்கு அவரை பஸ்ஸுக்கு விட நான் ரோடு வரைக்கும் நடந்தேன். கீழே வெள்ளவாய பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, எங்கள் தலைக்கு மேலே மேகம். ஐந்து வீட்டுத் தூக்கத்துக்கு நான் ஒருத்தி முழித்திருந்திருக்கிறேன். பெருமைப்படவா, அழவா? உடம்பு அலுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

"மிஸ், நான் என்னதான் செய்யட்டும்? மாத்திரையப் பாக்கவா, மலையப் பாக்கவா?"

தெரியா என்று சொல்வார், நானும் திரும்பிப் போவேன் என்றுதான் கேட்டேன். அவர் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"மருந்தப் போடுங்க. போடுறதுக்கு முந்தி பார்வதி அக்காகிட்ட வாய் தொறந்து செல்லுங்க, இண்டைக்கு நான் முழிக்க மாட்டேன் எண்டு. செல்லிட்டு லாம்ப அணைச்சிட்டுப் படுங்க."

"அவ முழிப்பாளா?"

"லாம்பு அணைஞ்சா முழிப்பாங்க."

"நிச்சயமா மிஸ்?"

"முழிப்பாங்க அக்கா."

இனி நடக்கப் போவதைக் கேட்டு அவர் வாயிலிருந்து 'தெரியா' வராத ஒரே பதில் அது. அதற்கு என்ன விலை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவர்கள் படிப்பில் கேட்கலாமாம், இப்படிச் செய் என்று ஆட்களுக்குச் சொல்லக் கூடாதாம். சொன்னால் அந்த ஆளைப் பற்றி எழுதினது செல்லாது. அந்த ஏழு நாளோடு, டின், கூடை, நான் பேசின மாதக் கணக்கான பேச்சு எல்லாவற்றையும் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டதாகப் பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். "அதுதான் அந்தப் புத்தகத்துலயே நல்ல பகுதி" என்று சிரித்தார், துணி முனையால் வாயை மூடிக்கொண்டு.

அடுத்த மழைக்குப் போய்ப் பார்வதி அக்காவிடம் சொன்னேன். பரம்பரையை இழுத்துத் திட்டியது. நான் மாத்திரையை விழுங்கி, லாம்பை ஊதி அணைத்தேன். விடிந்து கதவைத் திறந்தால் பார்வதி அக்கா அதன் வாசலில், கவிழ்த்துத் தொங்கும் கூடைக்குக் கீழே, தலையில் கொழுந்துக்குப் போகும்போது கட்டுகிற படங்குச் சாக்கைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"எழும்பிட்டீங்களா மகாராணி? குறட்டை செவரு தாண்டி வருது. மலை வந்தாலும் அதுல கேக்காது."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வழக்கம் போல ஒரு சாவை நினைத்துக்கொண்டே எடுத்தேன். மிஸ்.

"அங்க மழையா அக்கா? பார்வதி அக்கா முழிச்சாங்களா?"

அதிலிருந்து அவருக்கு இந்தப் பழக்கம் பிடித்தது. அவர் ஆராய்ச்சி முடிந்து எங்கள் பக்கம் வருவது நின்ற பிறகும் வானம் கறுத்தால் போன் வரும். பதுளையிலிருந்து வரும். கொழும்பு பஸ்ஸிலிருந்து வரும். ஒரு தடவை பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம் கேட்டது. "அங்க மழையா?" தூறல்தான் என்றால் "இன்னும் கூடுமா?" என்பார். நான் "தெரியாது மிஸ்" என்பேன். கிளினிக்கில் என் பிரஷர் இறங்கி வந்தது. டின்னைக் கழுவிக் காயவைத்து அதில் இப்போது மிளகாய்த் தூள் போடுகிறேன்.

"பொம்பளைக்கு உன் வியாதி தொத்திருச்சுடி" என்றது பார்வதி அக்கா. சிரிப்புக்குச் சொன்னதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் கேட்டேன், "மிஸ், மழைக்கு நீங்க தூங்குறீங்களா?" என்று. "தெரியா அக்கா" என்றார். ஆட்களின் தூக்கத்தை எல்லாம் எழுதி எடுத்தவர்.

இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். கல்யாணமாகி, ஒரு பிள்ளையும் உண்டு. அங்கே நேரமே வேறு. ஆனாலும் எங்கள் பக்கத்து வானிலையைப் போனில் பார்த்துவிட்டு, பெருமழை என்று போட்டிருந்தால் எழுதிக் கேட்பார். வெடிப்பு அப்படியே இருக்கிறது. சுவரில் நம்பர் மங்கிப்போய், போன வருடம் புதுப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். கூடை வீட்டுக்கு வீடு போகிறது. இப்போது மெய்யாகவே போகிறது. எனக்கும் ஆறு நாளைக்கு ஒரு தடவைதான் முறை.

இதை எழுதுகிற இன்றைக்கும் மத்தியானத்திலிருந்து ஊற்றுகிறது. பெரகல ரோடு தெரியவில்லை. கூடை இன்றைக்குப் பார்வதி அக்கா வீட்டில். சற்று முன்னால் போனில் வந்து விழுந்தது: "அங்க மழையா அக்கா?"

தகரக் கூரைச் சத்தத்தில் வீட்டுக்காரர் பேசுவதே காதில் விழவில்லை. நான் மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன்.

"இங்க மழை இல்ல மிஸ். நீங்க தூங்குங்க."

அனுப்பிவிட்டுத் தண்ணியைக் குடித்தேன். லாம்பை அணைக்க வேண்டும்.